தரையைத் தொடாத களஞ்சியங்கள்

சந்தியாகோ தெ கொம்போஸ்தேலா பேராலயத்தை நோக்கிக் கலீசியாவின் சிற்றூர்கள் வழியே நடந்துபோகும் யாத்திரிகர்கள் பலர், வழியோரத்தில் ஒன்றைக் கண்டு நின்றுவிடுகிறார்கள். வீட்டு முற்றத்தில் கல் தூண்களின் மேல் நீண்டு ஒடுங்கிய ஒரு பெட்டி. அதற்கு ஓட்டுக் கூரை. கூரையின் ஒரு முனையில் சிலுவை. முதல்முறை பார்ப்பவர்கள் அதைக் கல்லறை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். சிலருக்கு அது சின்னஞ்சிறு ஆலயமாகத் தெரிகிறது. கிட்டப் போய்ச் சுவரின் இடுக்குகள் வழியே உற்றுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். உள்ளே மஞ்சள் மஞ்சளாய் மக்காச்சோளக் கதிர்கள் குவிந்திருக்கும். பல இடங்களில் இப்போது அதுவும் இல்லை. இருட்டும் ஒட்டடையும்தான் மிச்சம்.

இதன் பெயர் ஓர்ரேயோ. தானியக் களஞ்சியத்தைக் குறிக்கும் 'ஹோர்ரேயும்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். ஸ்பெயினின் வடக்குக் கரையோரமாகக் கலீசியா, அஸ்தூரியாஸ், லியோன் மலைப்பகுதி, கந்தாப்ரியா, பாஸ்க் நாடு, நவார்ரா வரைக்கும், தெற்கே எல்லை தாண்டிப் போர்ச்சுகலின் வடபகுதியிலும் இவை நிற்கின்றன. கலீசியாவிலும் அஸ்தூரியாஸிலும் இன்றும் பல்லாயிரக்கணக்கில் உண்டு; கிழக்கே போகப் போக விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிடுகின்றன.

அஞ்சலட்டையிலும் சுற்றுலாக் கையேட்டிலும் ஓர்ரேயோ ஓர் அழகுப் பொருளாகவே காட்டப்படுகிறது. அழகு உண்மைதான். ஆனால் அதைக் கட்டியவர்களுக்கு அது முதலில் ஒரு வேளாண் கருவி. ஏர் எப்படியோ, வண்டி எப்படியோ, அப்படித்தான் இதுவும். அது ஏன் தரையை விட்டு எழுந்தது, மக்காச்சோளம் அதை எப்படி மாற்றியது, அதில் யார் யாருக்குப் பங்கு இருந்தது, தானியம் போன பிறகு அதை எப்படிக் காப்பது என்ற கேள்விகளைத் தனித்தனியாகப் பார்த்தால் விடை கிடைக்காது. சேர்த்துப் பார்க்கும்போதுதான், இன்று அது இடிந்து விழுவதற்கான காரணமும் விளங்குகிறது.

மழையும் எலியும்

ஸ்பெயின் என்றதும் வெயிலும் வறண்ட மேட்டுநிலமும் ஆலிவ் தோப்பும்தான் பலர் நினைவுக்கு வரும். வடக்குக் கரை அப்படியில்லை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேகங்கள் கந்தாப்ரிய மலைத்தொடரில் மோதிக் கொட்டித் தீர்க்கின்றன. சந்தியாகோவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அறுவடை முடிந்து தானியம் வீடு வந்து சேரும் இலையுதிர் காலத்தில்தான் மழையும் வலுக்கிறது. மண் ஈரம், சுவர் ஈரம், காற்றும் ஈரம். இந்த ஊரில் தானியத்தைத் தரையில் குவித்தால் பூஞ்சை பிடிக்கும், இல்லையேல் முளைவிட்டுவிடும்.

இரண்டாவது பகை எலி. குளிர்காலம் முழுக்க ஒரு குடும்பம் சாப்பிட வேண்டியதை எலிகள் சேர்ந்தால் தின்றும் கெடுத்தும் தீர்த்துவிடும்.

இரண்டுக்கும் ஒரே விடை கண்டார்கள்: தானியத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடுவது. அஸ்தூரியாஸ் ஓர்ரேயோ ஒன்றின் காலைக் கீழிருந்து மேலாகப் பார்த்தால் அந்த யோசனையின் நுட்பம் தெரியும். அடியில் தரை ஈரம் ஏறாதபடி ஒரு கல். அதன்மேல் 'பெகோயோ' எனப்படும் தூண், மேலே போகப் போகச் சிறுத்துச் செல்லும். மரமாகவும் இருக்கலாம், கல்லாகவும் இருக்கலாம். தூணின் தலையில் அதைவிட நன்றாக அகன்ற ஒரு தட்டைக் கல். இதற்கு 'முவேலா' என்று பெயர். அதன்மேல்தான் களஞ்சியத்தைத் தாங்கும் பெரிய உத்தரங்கள் உட்காருகின்றன.

எலி தூணில் ஏறிவிடும். தட்டைக் கல்லின் அடிப்பக்கம் வந்ததும் அதற்கு வழி முடிந்துபோகிறது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு விளிம்புவரை போய், அங்கிருந்து மேலே திரும்ப வேண்டும். அது முடியாமல் கீழே விழும். கலீசியாவில் இந்தக் கல்லுக்கு 'தோர்னாராத்தோஸ்' என்று பெயர். எலியைத் திருப்பி அனுப்புவது என்று பொருள்.

படிக்கட்டிலும் இதே எச்சரிக்கை. அஸ்தூரியாஸில் 'சுபிதோரியா' எனப்படும் கற்படிகள் களஞ்சியத்தை ஒட்டி இருக்காது. கடைசிப் படிக்கும் வாசலுக்கும் நடுவே வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். மனிதர் காலை எட்டி வைத்து ஏறிவிடலாம். எலியால் தாவ முடியாது. கலீசியாவில் பல வீடுகளில் நிலையான படியே கிடையாது. வேண்டும்போது ஏணியைச் சாத்தி, வேலை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள்.

காற்றின் வேலையும் சிறியதல்ல. மக்காச்சோள மணி கெடாமல் இருக்க வேண்டுமானால் அதன் ஈரப்பதம் சுமார் 14 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். பறித்த கதிரில் ஈரம் அதைவிட மிக அதிகம். ஆகவே இந்தக் களஞ்சியம் வெறும் சேமிப்பு அறையாக இருந்தால் போதாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல உலர்த்தும் இடமாகவும் இருக்க வேண்டும். அடியிலும் பக்கங்களிலும் காற்று புகுந்து வெளியேறும் வழி வைத்ததற்கு அதுவே காரணம்.

ஒரு பெயர், இரண்டு குடும்பங்கள்

ஓர்ரேயோ என்று ஒரே பெயரால் அழைத்தாலும், அஸ்தூரியாஸ் களஞ்சியமும் கலீசியக் களஞ்சியமும் பார்வைக்கு அண்ணன் தம்பி போலக்கூட இருக்காது.

அஸ்தூரியாஸில் அது ஒரு சதுர அறை. நான்கு கால், நாலாபக்கமும் சரியும் கூரை, சுற்றிலும் பெரும்பாலும் ஒரு மரத் தாழ்வாரம். ஓக், செஸ்ட்நட் மரங்களை இழைத்து, பலகையோடு பலகை நாக்கும் பள்ளமுமாகச் செருகிச் செங்குத்தாக நிறுத்திச் சுவராக்குவார்கள். உடலைச் சேர்த்து நிறுத்துவது ஆணி அல்ல. மரத்தின் பாரமும் பொருத்துகளின் இறுக்கமும்தான். இதே களஞ்சியம் நீள்சதுரமாகப் பெருத்து, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட கால்களில் நின்றால் அதற்குப் 'பனேரா' என்று பெயர். சோமியேதோ மலைப்பகுதியில் ஓடோ பலகைக்கல்லோ இல்லாமல், காட்டுச் செடியின் விளார்களால் கூரை வேய்ந்த ஓர்ரேயோக்களும் உண்டு.

கலீசியாவில் சதுரம் மறைந்து, களஞ்சியம் நீண்டு ஒடுங்குகிறது. தென்மேற்கில் கிரானைட் பாறை மலிந்த ஊர்களில் அது முழுக்க முழுக்கக் கல். கிழக்கே லூகோ மலைப்பக்கம் போனால் மரச் சுவரும் பலகைக்கல் கூரையும். இவற்றையெல்லாம்விடப் பழைய வடிவம் என்று கருதப்படுவது, மிலாறுகளைக் கூடைபோல் பின்னி, மேலே வைக்கோல் தொப்பி கவிழ்த்த களஞ்சியம். கபாசோ, கனாஸ்த்ரோ, பியோர்னோ என்று வட்டாரத்துக்கு வட்டாரம் பெயரும் மாறும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம், கதிரை எங்கே காய வைத்தார்கள் என்பதில் இருக்கிறது. அஸ்தூரியாஸில் கதிர்களைச் சரம் சரமாகப் பின்னி வெளித் தாழ்வாரத்தில் தொங்கவிட்டார்கள். காற்று வெளியிலேயே கிடைத்தது. அறை அகலமாக இருந்தாலும் பாதகமில்லை. அந்த அறையில் தானியத்தோடு அவரை, ஆப்பிள், உப்பிட்ட பன்றித்தொடை, சோரிசோ தொத்திறைச்சி, பாலாடைக்கட்டி எல்லாம் சேர்ந்தே இருந்தன. இடம் போதாத குடும்பங்களில் அங்கே படுத்துறங்கியவர்களும் உண்டு. கீழே, கால்களுக்கு நடுவே, வண்டியும் விறகும் கலப்பையும். கலீசியாவிலோ கதிர்களை அறைக்குள்ளேயே கொட்டிக் காய வைத்தார்கள். குவியல் அகலமானால் நடுவிலுள்ள கதிருக்குக் காற்று எட்டாது. அதனால் அறையை ஒடுக்கி, நீளத்தைக் கூட்டி, இருபக்கச் சுவரிலும் இடுக்குகள் விட்டார்கள். கல்லறை என்று யாத்திரிகரை எண்ணவைக்கும் அந்த ஒடுங்கிய உருவம் இப்படிக் காற்றின் கணக்கிலிருந்து பிறந்தது.

அஸ்தூரியாஸ் தச்சர்கள் உத்தரங்களிலும் கதவுகளிலும் தங்கள் கைவண்ணத்தைக் காட்டினார்கள். ஆறிதழ்ப் பூ, சுழலும் சூரியச் சக்கரம் போன்ற வடிவங்கள் 15-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 16-ஆம் நூற்றாண்டிலும் செதுக்கப்பட்டவை. இன்று நிற்கும் மிகப் பழைய ஓர்ரேயோக்கள் இந்தக் காலத்தைச் சேர்ந்தவை. இந்தப் பாணிக்கு விய்யாவிசியோசா என்ற ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. 18-ஆம் நூற்றாண்டில் கர்ரேன்யோ வட்டாரத்தில் இன்னொரு பாணி எழுந்தது. சாப்பாட்டைக் காக்கும் இடத்தைத்தான் வீட்டின் மற்ற எதையும்விட அழகுபடுத்தினார்கள் என்பது, அந்த மக்கள் எதை மதித்தார்கள் என்று காட்டுகிறது.

எங்கிருந்து வந்தது?

தூக்கி நிறுத்திய களஞ்சியம் குறித்த பழைய எழுத்துச் சான்று ரோமானிய அறிஞர் வார்ரோவுடையது. கி.மு. முதல் நூற்றாண்டில் அவர் எழுதிய வேளாண் நூலில், ஸ்பெயினின் ரோமானிய மாகாணமான அருகமை ஹிஸ்பானியாவிலும் இத்தாலியின் அபூலியாவிலும் சிலர் நிலத்துக்கு மேலே உயர்த்திக் களஞ்சியம் கட்டுவதாகவும், பக்கங்களிலிருந்து மட்டுமல்லாமல் அடியிலிருந்தும் காற்று அவற்றைக் குளிர்விப்பதாகவும் குறிப்பிடுகிறார்.

இதை வைத்து, ஓர்ரேயோ ரோமானியருக்கும் முந்தையது என்று சொல்பவர்கள் உண்டு. கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம் இது. வார்ரோ எழுதியபோது அஸ்தூரியாஸ் மலைநாடு ரோமின் கைக்குள் வந்திருக்கவில்லை; அங்கே நடந்த போர் கி.மு. 19-இல்தான் முடிந்தது. அவர் சொன்னது ஐபீரியத் தீபகற்பத்தின் வேறொரு பகுதியாகவும் இருக்கலாம். அவருடைய வரிகள் உறுதிப்படுத்துவது ஒன்றைத்தான்: இப்படிப்பட்ட களஞ்சியம் தீபகற்பத்தில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது.

அடுத்த பெரிய சான்று ஓவியம். காஸ்தில்லே மன்னர் பத்தாம் அல்போன்சோ 13-ஆம் நூற்றாண்டில் தொகுப்பித்த 'காந்திகாஸ் தெ சாந்தா மரியா' பாடல் ஏட்டில், 187-ஆம் பாடலுக்கான சித்திரத்தில் தூண்கள் மேல் நிற்கும் களஞ்சியங்கள் வரையப்பட்டுள்ளன. பாடலின் கதையே, பஞ்சத்தில் வாடிய ஒரு மடத்தின் களஞ்சியங்களை மரியன்னை கோதுமையால் நிறைத்தது பற்றியது.

நவீன ஆய்வு, போலந்து இனவரைவியலாளர் யூஜீனியுஷ் ஃபிராங்கோவ்ஸ்கியிலிருந்து தொடங்குகிறது என்று சொல்லலாம். ஐபீரியத் தீபகற்பத்தின் ஓர்ரேயோக்களையும் தூண்வீடுகளையும் பற்றிய அவரது நூல் 1918-இல் வெளிவந்தது. ஊர் ஊராகக் கண்ட களஞ்சியங்களைத் தொல்பழங்காலத் தூண் குடியிருப்புகளோடு அவர் ஒப்பிட்டார். கெல்ட் மக்களின் கொடை என்றும், ரோமானியர் தந்தது என்றும், சூயெவியர் என்ற ஜெர்மானிய இனத்தார் கொண்டுவந்தது என்றும் பின்னர் பலர் வாதிட்டார்கள்.

எந்த வாதமும் முடிவாக நிற்கவில்லை. நிற்காததற்குக் காரணமும் உண்டு. சுவிட்சர்லாந்தின் வலே மலைப்பகுதியில் மரக் களஞ்சியத்துக்கு அடியில் வட்டக் கல் தட்டுகள் இருக்கின்றன. நார்வேயிலும் களஞ்சியத்தைக் கால்மேல் நிறுத்துகிறார்கள். இங்கிலாந்தில் காளான் வடிவக் கற்களின்மேல் கதிர்க்கட்டைச் சேமித்தார்கள். ஈரமும் எலியும் உள்ள ஊரில் இந்த யோசனை யாருக்கும் தோன்றும். ஓர்ரேயோவின் பெயர் ரோமானியம் என்பது உறுதி. அதன் உடலுக்கு ஒரே தாயகம் தேடுவது பயனற்ற வேலை.

மக்காச்சோளம் வந்த பிறகு

பிறப்பைவிட வளர்ப்புதான் தெளிவாகத் தெரிகிறது. இன்று காணும் ஓர்ரேயோக்களில் பெரும்பாலானவற்றை உருவாக்கியது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த ஒரு பயிர்.

புளோரிடாவின் ஆளுநராக இருந்த கொன்சாலோ மெந்தெஸ் தெ கான்சியோ, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொந்த ஊரான அஸ்தூரியாஸின் தாப்பியாவுக்குத் திரும்பியபோது மரப்பெட்டிகளில் மக்காச்சோள விதை கொண்டுவந்தார் என்பது அந்த வட்டாரத்து மரபு. முதலில் விதைத்தவர் யாராக இருந்தாலும், அந்த நூற்றாண்டிலேயே மக்காச்சோளம் வடகரை முழுவதும் வேர்கொண்டது. கோடையிலும் மழை பெய்யும் பூமி அது. மக்காச்சோளத்துக்கு வேண்டியதும் அதுவே. பழைய சிறுதானியங்களைவிட விளைச்சல் மிகுதி. 18-ஆம் நூற்றாண்டில் சிற்றூர்களில் மக்கள்தொகை பெருகியதற்கு இந்தப் பயிர் பெரும் துணையாக இருந்தது.

விளைச்சல் கூடினால் களஞ்சியமும் வளர வேண்டும். அஸ்தூரியாஸில் சதுர ஓர்ரேயோ போதாமல் பனேரா பிறந்தது. கலீசியாவில் கல் களஞ்சியங்கள் நீண்டன. போர்ச்சுகல் எல்லைக்குள் 'எஷ்பிகெய்ரோ' என்று அழைக்கப்படும் களஞ்சியங்களும் இந்த அலையில் பெருகியவையே. சோவாஜோ கிராமத்தில் ஒரு பெரிய கிரானைட் பாறைத் திட்டு. ஊருக்கே பொதுவான களம் அது. அதன்மேல் 24 எஷ்பிகெய்ரோக்கள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றில் மிகப் பழையது 1782-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

அறுவடைக்குப் பிந்தைய வேலை ஊர்க்கூட்டமாக நடந்தது. அஸ்தூரியாஸில் அதற்கு 'எஸ்ஃபோயாசா' என்று பெயர். இலையுதிர் கால இரவுகளில் அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டில் கூடி, குவித்து வைத்த கதிர்களின் தோகையை உரிப்பார்கள். முழுக்க உரிப்பதில்லை. இரண்டு மூன்று தோகைகளை விட்டுவைத்து, அவற்றையே பின்னிச் சரமாக்குவார்கள். பாட்டும் கதையும் கேலியும் நள்ளிரவு வரை ஓடும். மறுநாள் அடுத்த வீடு. ஓர்ரேயோவின் தாழ்வாரத்தில் மஞ்சள் திரைபோலத் தொங்கிய அந்தச் சரங்களில் ஊரே சேர்ந்து செய்த உழைப்பு இருந்தது.

இந்த நிறைவுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. ஒவியேதோவில் மருத்துவராக இருந்த கஸ்பார் காசல், ஏழை உழவர்களிடையே ஒரு விந்தையான நோயைக் கண்டார். கையிலும் கழுத்திலும் தோல் சிவந்து தடித்து உரிந்தது, உடல் தளர்ந்தது, புத்தி பேதலித்தது. 1735-இல் அவர் கவனித்து எழுதிய அந்த நோயை ஊர்மக்கள் 'ரோஜா நோய்' என்றார்கள். நோயாளிகளின் உணவு பெரும்பாலும் மக்காச்சோளம் என்பதையும், இறைச்சி அவர்களுக்கு அரிது என்பதையும் காசல் குறித்துவைத்தார். அவர் இறந்த பிறகு, 1762-இல் அந்த நூல் அச்சேறியது. இன்று அந்நோயின் பெயர் பெலாக்ரா. கழுத்தைச் சுற்றி வரும் தடிப்புக்கு மருத்துவ நூல்கள் இன்றும் காசலின் பெயரையே சொல்கின்றன. நயாசின் என்ற வைட்டமின் குறைவே காரணம் என்பது 20-ஆம் நூற்றாண்டில்தான் தெளிவானது. மெக்சிகோவின் பழங்குடிகள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து உண்டார்கள். அதனால் நயாசின் உடலில் சேர்ந்தது. ஐரோப்பா விதையை எடுத்துக்கொண்டது. சமைக்கும் முறையை எடுத்துக்கொள்ளவில்லை. களஞ்சியம் நிறைந்திருந்த வீட்டிலேயே இந்த நோய் குடியேறியதற்கு அதுவே காரணம்.

நீளத்தில் தெரியும் அதிகாரம்

களஞ்சியத்தின் அளவு, அதன் உடைமையாளர் யார் என்பதைச் சொல்லிவிடும். சாதாரண உழவரின் கலீசிய ஓர்ரேயோ சில மீட்டர் நீளம்தான். கார்னோத்தா ஊரில் பங்குக் கோவிலை அடுத்து நிற்பதன் நீளம் ஏறத்தாழ 35 மீட்டர். 22 ஜோடிக் கால்கள். 1768-இல் கட்டத் தொடங்கி, 1783-இல் மேலும் நீட்டப்பட்டது. பக்கத்து லீராவில் இன்னொன்று, 36 மீட்டருக்கும் மேல். ரியான்ஷோ வட்டாரத்து அரான்யோவில் உள்ளது ஏறத்தாழ 37 மீட்டர்.

ஒரு பங்குக்குருவுக்கு எதற்கு இவ்வளவு பெரிய களஞ்சியம்? விடை 'பத்திலொன்று'. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குச் செலுத்துவது கட்டாயமாக இருந்தது. ஊர் முழுவதும் கொண்டுவந்து கொட்டிய அந்தப் பங்கு நிறையும் அளவுக்குத்தான் கோவில் களஞ்சியம் நீண்டது. கார்னோத்தாவும் லீராவும் ஒன்றையொன்று விஞ்சப் போட்டிபோட்டுக் கட்டின என்பது அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் கதை.

போயோ மடத்தின் களஞ்சியம் நீளத்தில் சற்றுக் குறைவு. ஆனால் அகலம் மூன்று மீட்டருக்கும் மேல். மூன்று வரிசையாக 51 கால்கள் அதைத் தாங்குகின்றன. பரப்பளவில் கலீசியாவின் மிகப் பெரிய ஓர்ரேயோ என்று அதைச் சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மடங்களின் சொத்துகள் பறிமுதலாகி, பத்திலொன்று வரியும் ஒழிந்தது. அதன்பின் இத்தகைய மாபெரும் களஞ்சியங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இன்று பயணிகள் வியந்து படம் எடுக்கும் இந்தக் கல் நீளம் முழுவதும், ஒரு காலத்தில் உழவர் வீட்டிலிருந்து கழிந்த தானியத்தின் அளவு.

இதற்கு நேரெதிரான காட்சியும் உண்டு. ஒரேன்சே மாகாணத்தின் ஆ மெர்கா ஊரில் 34 களஞ்சியங்கள் ஒரே திடலில் ஒன்றுகூடி நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்குரியது. காவலும் காற்றும் எல்லோருக்கும் பொது. கொம்பார்ரோ மீனவர் ஊரில் கடல் நீரின் விளிம்பிலேயே ஓர்ரேயோக்கள் வரிசை கட்டியிருக்கின்றன. ஊரில் மொத்தம் அறுபதை ஒட்டி இருக்கும். பாறைமேல் நெருங்கிய சிற்றூரில் விளைநிலத்தை வீணாக்காமல், கடற்காற்று நேராக அடிக்கும் இடத்தைத் தேர்ந்துகொண்டார்கள்.

வீடு அசையாச் சொத்து, களஞ்சியம் அசையும் சொத்து

ஓர்ரேயோவின் மிக வியப்பான கூறு அதன் கட்டடக் கலையில் இல்லை. அதன் சட்டநிலையில் இருக்கிறது. அஸ்தூரியாஸ் வழக்கத்தில் அது நிலத்தோடு ஒட்டிய கட்டடமாகக் கருதப்படவில்லை. பலகைகளைக் கழற்றி, உத்தரங்களை இறக்கி, மாட்டுவண்டியில் ஏற்றி வேறு ஊரில் மறுபடி நிறுத்தலாம். ஆகவே அது ஆடு மாடு போல, பெட்டி படுக்கை போல, அசையும் சொத்து. நிலம் ஒருவருக்கு, அதன்மேல் நிற்கும் களஞ்சியம் இன்னொருவருக்கு என்ற நிலை சர்வசாதாரணம். நிலத்தைக் குத்தகைக்கு உழுத ஏழைக் குடியானவர்கூட களஞ்சியத்தைத் தன் பெயரில் வைத்திருக்க முடிந்தது.

சொத்து என்றால் பாகப்பிரிவினையும் வரும். தந்தை விட்டுச்சென்ற ஓர்ரேயோ பிள்ளைகளுக்குப் பாதியாகவும் காலாகவும் பிரிந்தது. உள்ளே பலகை வைத்துத் தடுத்து, தனித்தனிக் கதவும் பூட்டும் போட்டுக்கொண்டார்கள். பல தலைமுறை கடந்து, நான்கு கால் களஞ்சியம் ஒன்றுக்கு ஏழெட்டுப் பங்குதாரர்கள் ஆனார்கள். எல்லோரும் அதே ஊரில் இருந்தவரை இது ஒரு குறையாகத் தெரியவில்லை. ஓடு உடைந்தால் அன்றே தெரியும். அடுத்த நாள் மாற்றுவார்கள்.

பிறகு குடும்பங்கள் சிதறின. ஒருவர் புவெனஸ் ஐரஸுக்கோ ஹவானாவுக்கோ கப்பல் ஏறினார். இன்னொருவர் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார். வேறொருவர் ஜெர்மனிக்கோ சுவிட்சர்லாந்துக்கோ தொழிற்சாலை வேலைக்குப் போனார். ஊரில் இருப்பவருக்குக் கால் பங்கு. மழை ஒழுகுவது அவர் பங்கின்மேல் இல்லை. செலவுக்கு மற்றவர்களின் சம்மதம் வேண்டும். அவர்களுடைய முகவரிகூடத் தெரியாது. ஒரே ஓர் ஓடு நழுவிய இடத்தில் நீர் இறங்கி, உத்தரத்தின் தலை உளுத்து, மூலை தாழ்ந்து, ஒரு குளிர்காலத்தில் முழுக் களஞ்சியமும் சாய்ந்துவிடும். ஐந்நூறு ஆண்டு நின்ற மரம் விழுவதற்கு இவ்வளவே போதும்.

சட்டம் எட்டிய இடமும் எட்டாத இடமும்

1973 பிப்ரவரியில் ஸ்பெயின் அரசு ஓர் ஆணை பிறப்பித்து, அஸ்தூரியாஸிலும் கலீசியாவிலும் உள்ள, நூறாண்டுக்குக் குறையாத ஓர்ரேயோக்களை அரசின் பாதுகாப்பில் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் கொம்பார்ரோ ஊரே வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தது. பின்னர் தன்னாட்சி மாநிலங்கள் தத்தம் மரபுச் சட்டங்களை இயற்றின. நவார்ராவின் ஆயெஸ்கோவா பள்ளத்தாக்கில் எஞ்சிய சில கல் களஞ்சியங்களும் பாதுகாப்புக்குள் வந்தன.

இந்தச் சட்டங்களின் பலனைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பழைய ஓர்ரேயோக்களைப் பிரித்து வெளியே விற்பது, இடித்துக் கல்லை வேறு கட்டடத்துக்குப் பயன்படுத்துவது, விருப்பப்படி மாற்றிக் கட்டுவது ஆகியவற்றுக்குக் கடிவாளம் விழுந்தது. அஸ்தூரியாஸின் புவேன்யோ கிராமத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஓர்ரேயோக்களும் பனேராக்களும் இன்றும் தெருவில் நெருங்கி நிற்கின்றன. அவற்றை விளக்கிக் காட்டும் மையமும் அங்கே இருக்கிறது.

ஆனால் சட்டம் தொட முடியாத ஒன்று நடந்துவிட்டது. தானியம் போய்விட்டது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வடக்குக் கரை பால் பண்ணைகளின் நாடாக மாறியது. இன்றும் அங்கே மக்காச்சோளம் விளைகிறது. ஆனால் கதிர் முற்றும்வரை காத்திருப்பதில்லை. செடியை முழுதாகப் பச்சையாகவே நறுக்கி, சைலேஜ் எனப்படும் ஊறுகாய்ப்புல்லாகப் பதப்படுத்தி மாடுகளுக்குப் போடுகிறார்கள். உலர்த்த வேண்டிய கதிரே இல்லாதபோது உலர்த்தும் களஞ்சியத்துக்கு என்ன வேலை?

வேலை இழந்த ஓர்ரேயோக்களுக்கு இரண்டு கதிதான் வாய்த்தது. ஒன்று, கேட்பாரற்றுச் சாய்வது. மற்றொன்று, வேறொன்றாக உருமாறுவது. கால்களுக்கு இடையே செங்கல் சுவர் எழுப்பிக் கார் நிறுத்தினார்கள். சன்னல் திறந்து, மின்சாரம் இழுத்து விருந்தினர் அறையாக்கினார்கள். அடியில் காற்று அடைபட்டதும் மரம் ஈரம் பிடித்து அழுகத் தொடங்கியது. தானியத்தைக் காத்த அதே காற்றுதான் களஞ்சியத்தையும் காத்து வந்திருக்கிறது என்பது இப்படித்தான் வெளிப்பட்டது.

இந்த இடத்தில் பாதுகாப்பாளர்கள் இரண்டு அணியாகப் பிரிகிறார்கள். பழைய வடிவம் ஒரு பலகைகூட மாறாமல் இருக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. புதுப் பயன்பாடு இல்லாமல் எந்த உடைமையாளரும் பணம் செலவிட மாட்டார், ஆகவே மாற்றத்துக்கு இடம் தர வேண்டும் என்பது மறுதரப்பு. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஓர்ரேயோவின் சொந்த வரலாறு மூன்றாவது வழி ஒன்றைக் காட்டுகிறது. அது ஒருபோதும் மாறாமல் இருந்ததில்லை. சிறுதானியத்திலிருந்து மக்காச்சோளத்துக்கு மாறியபோது உருவம் மாறியது. மரம் அரிதான இடத்தில் கல்லானது. 20-ஆம் நூற்றாண்டில் கலீசியாவின் உழவர்கள் துளைச் செங்கல்லிலும் கான்கிரீட்டிலும் ஓர்ரேயோ கட்டினார்கள். அழகற்றவை என்று பலர் ஒதுக்கும் அந்தக் கான்கிரீட் களஞ்சியங்களிலும் கால் உண்டு, எலித்தட்டு உண்டு, காற்று வரும் இடுக்கு உண்டு. பொருள் மாறியது, வேலைமுறை மாறவில்லை. பாதுகாக்க வேண்டிய எல்லைக்கோடு அந்த வேலைமுறையில்தான் இருக்கிறது: அடியில் காற்று ஓட வேண்டும், உடல் தரையைத் தொடக் கூடாது, கழற்றி மாட்டும் பொருத்து பொருத்தாகவே இருக்க வேண்டும். இந்த வரம்புக்குள் அங்கே விதை வைக்கலாம், வெங்காயம் உலர்த்தலாம், ஆப்பிள் அடுக்கலாம், தோட்டக் கருவி வைக்கலாம்.

அதைவிட அவசரமானது பாகப்பிரிவினைச் சிக்கல். களஞ்சியத்தில் கால் பங்கு உள்ளவர் கூரை ஓட்டை மாற்றுவதற்கு உலகின் மறுமூலையில் உள்ள உறவினரின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்ற நிலை வர வேண்டும். ஊராட்சியே ஓட்டை மாற்றிவிட்டுச் செலவைப் பங்குதாரர்களிடம் பிறகு வசூலிக்கலாம். பொருத்து வேலை தெரிந்த தச்சர்கள் குறைந்துவரும் நிலையில், அந்தத் தொழிலைக் கற்க வரும் இளைஞருக்குக் கூலி கொடுக்கும் ஏற்பாடும் வேண்டும். புதிய நினைவுச்சின்னப் பலகை ஒன்றுக்கு ஆகும் பணத்தில் பல கூரைகளின் ஓட்டை அடைக்கலாம். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு ஓர்ரேயோக்களைத் தாங்கப்போவது அந்தச் சிறு பழுதுபார்ப்புதான்.

கலீசிய நாடாளுமன்றம் அமைந்திருக்கும் சந்தியாகோ தெருவின் பெயரே 'ஓர்ரேயோ தெரு'. அந்தப் பெயரை அன்றாடம் முகவரியில் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கடமை ஒன்றும் தொலைவில் இல்லை. எல்லைக்கு அப்பால் சோவாஜோவின் கிரானைட் பாறைமேல் நிற்கும் 24 களஞ்சியங்களில் சிலவற்றில் ஊர்க்காரர்கள் இன்றும் மக்காச்சோளக் கதிர் காய வைக்கிறார்கள்.